உயரமான மகிழுந்தும் ஒன்பதாண்டுக் கடனும்



பள்ளி விடும் நேரத்தில் வாயிற்கதவருகே நின்று பிள்ளைகளை அனுப்பி வைப்பது என் வழக்கம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அங்கே மோட்டார் சைக்கிள்கள்தாம் வரிசை பிடித்து நிற்கும். இடையிடையே ஒரு கஞ்சில், ஒரு பழைய சாகா. இன்று அந்த வரிசையின் உயரமே கூடிவிட்டது. சிறிய எஸ்யூவி என்றும் கிராஸோவர் என்றும் அழைக்கப்படும் மகிழுந்துகள் கேரித் தீவின் செம்பனைச் சாலைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. எம் மக்கள் முன்னேறுவதைப் பார்க்க மகிழ்ச்சிதான். அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

இரு வாரங்களுக்கு முன் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் தந்தை என்னிடம் வந்து, “டீச்சர், எந்தக் காடி எடுக்கலாம்? அத்திவாவா, எக்ஸ் 50யா? ரெண்டுல எது நீடிச்சு உழைக்கும்?” என்று கேட்டார். துறைமுகத்தில் வேலை செய்பவர். மூன்று பிள்ளைகள். ஆசிரியர் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்னும் நம்பிக்கை நம் பெற்றோரிடம் இன்னும் மறையவில்லை. “நாளை சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு வீட்டிற்கு வந்தேன்.

ஏன் உடனே பதில் சொல்லவில்லை? அதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை எங்கள் ஆசிரியர் அறையில் இளைய ஆசிரியை ஒருவர் கேட்டார். அப்பொழுதுதான் நான் ஒரு தோழியின் எக்ஸ் 50ஐ நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்திருந்தேன். அதன் வேகத்தில் மயங்கி, “கண்ணை மூடிக்கொண்டு எடு” என்றேன். அவரும் எடுத்தார். அந்த வண்டி இன்றுவரை அவரை நடுவழியில் நிறுத்தியதில்லை. ஆனால், தொடங்க எண்ணியிருந்த முதுகலைப் படிப்பை அவர் இன்னும் தொடங்கவில்லை. மாதத் தவணை போக மீதி போதவில்லை என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வண்டியைப் பற்றி நான் சொன்னது பிழையில்லை. அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் சொன்னதுதான் பிழை.

ஆகவே இம்முறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தத் தந்தைக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், இந்த வண்டிகள் எவை என்பதில் ஒரு தெளிவு வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு 1998இல் வந்த பெரோடுவா கெம்பாரா நினைவிருக்கும். தோட்டத்து மண்சாலைக்கென்றே பிறந்த வண்டி போலிருக்கும். குறுகிய உடல், உயர்ந்த கால், நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம். இன்றைய சிறு கிராஸோவர்கள் கெம்பாராவின் வாரிசுகள் அல்ல. அவை சாதாரண மகிழுந்தின் அடித்தளத்தில் உடலைச் சற்று உயர்த்திக் கட்டியவை. அத்திவா, எக்ஸ் 50, எச்.ஆர்.-வி, கொரோலா கிராஸ் ஆகிய நான்குமே நம் நாட்டில் முன்சக்கர இயக்கத்தோடுதான் விற்பனைக்கு வந்தன. சேற்றில் சிக்கினால் மைவி எப்படிச் சிக்குமோ அப்படித்தான் இவையும் சிக்கும். தோற்றத்தைப் பார்த்து இது காட்டு வண்டி என்று எண்ணிவிடக் கூடாது.

வெள்ளத்திற்கும் இது பொருந்தும். 2021 டிசம்பர் 18ஆம் நாள் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்ததை நாம் மறக்கவில்லை. அன்று உயரமான வண்டியும் தாழ்ந்த வண்டியும் ஒன்றாகவே மூழ்கின. 20 செண்டிமீட்டர் தரையிடைவெளி என்பது சாலை மேட்டையும் குழியையும் கடக்க உதவும், அவ்வளவுதான். நம் தீவோ, கடல்நீரைக் கரைகட்டித் தடுத்து உருவாக்கிய தோட்ட மண். லங்காட் ஆற்றில் நீர் ஏறும் நாளை நாம் அறிவோம். எந்த வண்டி எடுத்தாலும் காப்புறுதியில் வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுக் காப்புறுதி எடுத்தாலே வெள்ளமும் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குத் தனிக்கட்டணம் உண்டு.

பிறகு இந்த உயரத்தால் என்னதான் பயன்? பயன் இருக்கிறது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. என் பழைய மைவியில் அவர் உட்காரும்போது கீழே இறங்க வேண்டும், எழும்போது மேலே ஏற வேண்டும். இரண்டுமே அவருக்கு வேதனை. கிராஸோவரின் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருப்பதால் பக்கவாட்டில் அமர்ந்து காலைத் திருப்பிக்கொண்டால் போதும். பிள்ளை இருக்கையில் குழந்தையை வைத்து வாரைப் பூட்டுவோர்க்கும் முதுகு வளையாது. 2020 முதல் பிள்ளை இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன். காலையில் நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் முன் இருக்கையில் அம்மாவின் மடியில் அமர்ந்து வருகிறார்கள் என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

சரி, செய்திக்கு வருவோம்.

புரோட்டோன் எக்ஸ் 50, 2020 அக்டோபரில் வெளிவந்தது. சீனாவின் கீலி நிறுவனம் 2017இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய பிறகு வந்த வண்டிகளில் ஒன்று. தஞ்சோங் மாலிமில் தயாராகிறது. முதலில் வந்தபோது 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ இயந்திரம். உயர்ந்த வகையில் 177 குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகத்தை 7.9 விநாடியில் எட்டும் என்று நிறுவனம் அறிவித்தது. விலை 79,200 வெள்ளி முதல் 103,300 வெள்ளி வரை. 2025இல் புதுப்பித்தபோது நான்கு சிலிண்டர் இயந்திரத்திற்கு மாறினார்கள். ஆகவே பழைய எக்ஸ் 50 வாங்குவோரும் புதியது வாங்குவோரும் ஒரே இயந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பெரோடுவா அத்திவா, 2021 மார்ச்சில் வந்தது. டைஹாட்சு ரோக்கியின் உடன்பிறப்பு. ரவாங்கில் தயாராகிறது. 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ, 98 குதிரைத்திறன். வெளியீட்டு விலை 61,500 வெள்ளியிலிருந்து தொடங்கியது. இரண்டும் விற்பனை வரி விலக்கு நடப்பிலிருந்த காலத்து விலைகள்.

திறன் என்று பார்த்தால் போட்டியே இல்லை. எக்ஸ் 50 வெல்லும். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது அந்த வலிமை ஒரு பாதுகாப்பும்கூட. ஆனால் தெலுக் பங்ளிமா காராங்கிலிருந்து பாலம் கடந்து தீவுக்குள் வரும் சாலையில் உங்களுக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும். அதற்கு முன்னால் ஒரு டிராக்டர் போகும். 177 குதிரைகளும் அவற்றின் பின்னால் பொறுமையாக நடக்க வேண்டியதுதான்! இந்தச் சாலைக்கு 98 குதிரை போதும். நாள்தோறும் சிரம்பானுக்கோ ஈப்போவுக்கோ ஓடுபவர் மாறாகச் சொல்லலாம். அவரோடு எனக்கு வழக்கில்லை.

பாதுகாப்பில் ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. இரண்டும் ஆசியான் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. விளம்பரத்தில் இந்த ஐந்து நட்சத்திரம் மட்டுமே தெரியும். உள்ளே பார்த்தால், 2020இல் வந்த எக்ஸ் 50இன் கீழ்நிலை இரு வகைகளில் நான்கு காற்றுப்பைகள்தாம். மோதலைத் தவிர்க்கத் தானே பிரேக் போடும் வசதி மிக உயர்ந்த வகையில் மட்டுமே இருந்தது. அத்திவாவிலோ மிகக் குறைந்த விலை வகையிலேயே ஆறு காற்றுப்பைகளும் அந்தப் பிரேக் வசதியும் இருந்தன. எக்ஸ் 50 வாங்க ஆசைப்பட்டு, பணம் போதாமல் அதன் கீழ்நிலை வகையைப் பழையதாக வாங்குவோர், தாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். பெரிய பெயர் தாங்கிய சிறிய வகையைவிடச் சிறிய பெயர் தாங்கிய முழுமையான வகை பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் துணிபு.

இடவசதியிலும் ஒரு வேடிக்கை. எக்ஸ் 50 நீளத்தில் 4.33 மீட்டர், அத்திவா 4.07 மீட்டர் அளவு. நிறுவனங்கள் தரும் கணக்கில் பின்பெட்டி அத்திவாவில் 369 லிட்டர், எக்ஸ் 50இல் 330 லிட்டர். நீளம் எங்கே போனது என்று கேட்காதீர்கள், அழகுக்குப் போயிற்று. ஆனால் அகலத்தில் எக்ஸ் 50 ஒன்பது செண்டிமீட்டர் கூடுதல். பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகளை அமர்த்துவோர்க்கு அந்த ஒன்பது செண்டிமீட்டர் பெரிது. என்னிடம் கேட்ட அந்தத் தந்தைக்கும் இதுவே ஒரே தடையாக இருந்தது. கடைக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று உட்கார வைத்துப் பாருங்கள் என்றேன்.

அவர் கேட்ட முதன்மையான கேள்வி நீடித்து உழைப்பதைப் பற்றியது. இங்கேதான் நம் மக்களிடையே கதைகள் அதிகம். ‘சீன இயந்திரம் தாங்காது’ என்பது ஒரு கதை. ‘ஜப்பான் இயந்திரம் என்றால் எண்ணெய் மாற்றாவிட்டாலும் ஓடும்’ என்பது இன்னொரு கதை. இரண்டையும் நம்பாதீர்கள். டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழலும் விசிறி. அது மிகுந்த வெப்பத்தில் மிக வேகமாகச் சுழல்கிறது. அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். எண்ணெய் கெட்டால் விசிறியின் அச்சு தேயும். மைவியின் பழைய இயந்திரம் நம் கவனக்குறைவை மன்னிக்கும். டர்போ மன்னிக்காது. அத்திவாவிலும் டர்போதான், எக்ஸ் 50இலும் டர்போதான். ஆகவே ‘இந்த மாதம் பணம் இல்லை, எண்ணெய் மாற்றத்தை அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் நிலையில் இருப்பவர் இரண்டையும் எடுக்காமல் இருப்பதே நல்லது. அவருக்கு டர்போ இல்லாத மைவியே உற்ற துணை.

கியர் பெட்டியில் இரண்டும் வேறுபடுகின்றன. அத்திவாவில் இருப்பது வார்ப்பட்டையில் ஓடும் சி.வி.டி., அதனோடு பற்சக்கரமும் சேர்ந்தது. எக்ஸ் 50இல் எண்ணெயில் நனையும் இரட்டைக் கிளட்ச், ஏழு கியர்கள். இரட்டைக் கிளட்ச் நெடுஞ்சாலையில் இனிமையானது. மாலை ஆறு மணிக்குக் கிள்ளானில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்துபோகும்போது அதன் கிளட்ச் ஓயாமல் பிடித்தும் விட்டும் உழைக்கிறது. எண்ணெய் அதைக் குளிர்விக்கிறது என்றாலும், அந்த எண்ணெயைக் காலத்தில் மாற்ற வேண்டும். சி.வி.டி.க்கும் அதே விதிதான். கையேட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிள்ளைகளிடம் ‘பாடநூலைப் படி’ என்று சொல்லும் நாம், நம் வண்டியின் கையேட்டை உறையிலிருந்தே எடுப்பதில்லை.

எச்.ஆர்.-வி பற்றியும் கொரோலா கிராஸ் பற்றியும் சில சொற்கள். 2022 ஜூலையில் வந்த எச்.ஆர்.-வி 114,800 வெள்ளியில் தொடங்கியது. அதில் டர்போ இல்லாத 1.5 லிட்டர் வகையும் உண்டு. எளிய இயந்திரம் விரும்புவோர்க்கு அது நல்ல தேர்வு. பின்னிருக்கையின் அடிப்பகுதியை மேலே மடக்கிப் பூச்செடியைக்கூட நிற்க வைத்துக் கொண்டு போகலாம். கொரோலா கிராஸ் நம் கிள்ளான் புக்கிட் ராஜாவிலேயே பொருத்தப்பட்ட வண்டி. அதன் ஹைபிரிட் வகையில் வார்ப்பட்டையும் இல்லை, வழக்கமான கிளட்சும் இல்லை. பற்சக்கரத் தொகுதியும் மின் மோட்டார்களுமே வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. நீடித்து உழைப்பதை மட்டுமே அளவுகோலாக வைத்தால் என் மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் 2022இல் அது வந்தபோதே விலை 137,000 வெள்ளி. அந்தத் தொகையைச் சொன்னதும் அந்தத் தந்தை “வேற பேசலாம் டீச்சர்” என்றார்.

அண்மைக் காலத்தில் வந்திறங்கும் புதிய சீன வண்டிகள் குறைந்த விலையில் நிறையத் தருகின்றன. 2024 ஏப்ரலில் ஓமோடா 5 ஒன்றின் பின் அச்சு முறிந்து கிடந்த காட்சி நாடெங்கும் பரவியது. நிறுவனம் அதை ஒரு தொகுப்பில் ஏற்பட்ட பற்றவைப்புக் குறை என்று விளக்கி, அந்தத் தொகுப்பு வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும் என்பதில்லை. எனினும், பந்திங்கில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

இனி கணக்கு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே போடக்கூடிய கணக்குதான்.

வெளியீட்டு விலைகளையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ் 50 உயர்ந்த வகை 103,300 வெள்ளி, அத்திவா ஏவி வகை 71,200 வெள்ளி. இரண்டிற்கும் பத்து விழுக்காடு முன்பணம். வட்டியைக் கணக்கிற்காக 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நம் வாடகைக் கொள்முதல் முறையில் நெடுங்காலமாக வழங்கிவந்தபடி, முழுக் கடனுக்கும் ஆண்டுதோறும் அதே வட்டி. ஒன்பது ஆண்டுத் தவணையில் எக்ஸ் 50க்கு மாதம் 1,093 வெள்ளி வரும். அத்திவாவுக்கு 754 வெள்ளி.

‘மாதம் 340 வெள்ளிதானே வேறுபாடு’ என்று விற்பனையாளர் சொல்வார். அங்கேயே நின்றுவிடக் கூடாது. எக்ஸ் 50க்குக் கட்டும் ஏறக்குறைய அதே தொகையை அத்திவாவுக்குக் கட்டிப் பாருங்கள். ஆறே ஆண்டுகளில், மாதம் 1,050 வெள்ளியில், கடன் தீர்ந்துவிடும். இன்று முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது வண்டி நம்முடையது. ஒன்பதாண்டுக் கடனிலோ அந்தப் பிள்ளை படிவம் நான்கிற்குப் போகும்வரை தவணை ஓடும். இரு நிறுவனங்களும் தந்த உத்தரவாதம் ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர். ஆக, ஒன்பதாண்டுக் கடனில் கடைசி நான்கு ஆண்டுகள் தவணையையும் கட்ட வேண்டும், பழுதுச் செலவையும் நாமே ஏற்க வேண்டும். டர்போவும் கியர் பெட்டியும் முதுமையடையும் ஆண்டுகளும் அவைதாம். அந்த 3 விழுக்காடும் மயக்கும் எண்தான். குறைந்துவரும் கடனுக்கு ஏற்பக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய ஐந்தரை விழுக்காடு.

எண்ணெய்ச் செலவைப் பற்றி எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கிள்ளானிலிருந்து தீவுக்கு வந்துபோக நாளைக்கு 70 கிலோமீட்டர் என்றால் மாதம் 1,540 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் 12 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் இடையே மாதம் 26 லிட்டர்தான் வேறுபாடு. 2025 செப்டம்பர் இறுதியில் நடப்புக்கு வந்த 1.99 வெள்ளி மானிய விலையில் அது 51 வெள்ளி. சாலை வரியில் ஓர் ஆண்டுக்கு 20 வெள்ளியா 90 வெள்ளியா என்பதும் அற்பம். எண்ணெய்க்குக் கவலைப்பட்டுத் தவணையை மறப்பது, பென்சிலை எண்ணிவிட்டுப் பள்ளிக் கட்டணத்தை மறப்பது போன்றது.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அந்தத் தந்தையிடம் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்தார். “அப்ப அத்திவாதான்னு சொல்றீங்களா?” என்றார். “மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் உங்களால் கட்ட முடியும் என்றால் அத்திவாவை ஆறு ஆண்டில் முடியுங்கள். முடியாது என்றால் ஒன்பது ஆண்டுக்கு எதையும் எடுக்காதீர்கள், இருக்கிற சாகாவை இன்னும் ஓர் ஆண்டு ஓட்டி முன்பணத்தைச் சேருங்கள்” என்றேன். அவர் முகம் சற்று வாடியது உண்மை. பக்கத்து வீட்டில் எக்ஸ் 50 நிற்கிறதாம். பிள்ளைகள் அதையே கேட்கிறார்களாம்.

அன்று மாலை என் இளைய தோழியிடமும் அந்தத் தாளைக் காட்டினேன். “அப்பவே இதைக் காட்டியிருக்கக் கூடாதா?” என்றார். இம்முறை அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மீதமுள்ள கடனை முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு தள்ளுபடி கிடைக்கும் என்று வங்கியில் எழுத்து வழியாகக் கேட்கலாம் என்றேன். பள்ளி விடுமுறையில் இருவரும் சேர்ந்து போய்க் கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

நேற்று அந்தத் தந்தை மீண்டும் வந்தார். பந்திங்கில் நான்கு ஆண்டு ஓடிய அத்திவா ஒன்று விற்பனைக்கு இருக்கிறதாம். பராமரிப்புப் பதிவேடு முழுமையாக இருக்கிறதா, வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று பார்க்கச் சொன்னேன். இருக்கை வாரை முழுவதும் இழுத்துப் பார்த்து, அடியில் சேற்றுக் கறை இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். சனிக்கிழமை காலை அவருக்குத் தெரிந்த பட்டறைக்காரரும் உடன் போகிறார். பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்க்க மூன்று பிள்ளைகளும் போகிறார்கள்.